வாதம் வேறு, வாக்குவாதம் வேறு

"உங்கள் வாக்குவாதத்தைத் தகுந்த சான்றுகளோடு முன்வையுங்கள்." பேச்சுப் பயிற்சிக் குறிப்பு, மொழிபெயர்த்த பாடம் என்று எதைத் திறந்தாலும் இப்படி ஒரு வாக்கியம் வந்து நிற்கிறது. ஆர்க்யுமென்ட் என்று கண்டவுடன் வாக்குவாதம் என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

ஆர்க்யுமென்ட், 'தெளிவாக்கு, மெய்ப்பி' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் காரணம் காட்டி ஒரு முடிவை நிறுவுவதற்கும் அந்தச் சொல்தான், வாய்ச்சண்டைக்கும் அதேதான். தமிழில் அந்த நெருக்கடி கிடையாது. முன்னது வாதம், பின்னது வாக்குவாதம்.

"வாக்கு என்றால் சொல், சொல்லால் செய்யும் வாதம்தானே, என்ன தப்பு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பிரித்துப் பார்த்தால் சரிதான். ஆனால் வாக்குவாதம் முற்றிக் கைகலப்பானது என்று செய்தியில் படிக்கும்போது அங்கே சான்று என்ன, முடிவு என்ன என்று யாராவது தேடுகிறோமா? வாக்குவாதத்துக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், கொஞ்சம் கோபமும் வேண்டும். வாதத்துக்கு இன்றைய வழக்கில் ஒருவரே போதும், தனியாக உட்கார்ந்து எழுதுகிற கட்டுரைக்குள்ளும் அது இருக்கும். பெரியவர்களிடம் வாக்குவாதம் பண்ணாதே என்று அதட்டு வாங்கி வளர்ந்த பிள்ளையிடம் போய் நல்ல வாக்குவாதம் எழுது என்றால் அது என்னதான் புரிந்துகொள்ளும்? விவாதம் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது இரு தரப்பும் பேசுகிற முழு நிகழ்வு, அதற்குள் ஒவ்வொருவரும் வைப்பது வாதம்.

பழைய தர்க்க நூல்கள் இதில் எவ்வளவு கவனமாக இருந்திருக்கின்றன! நியாய சூத்திரம் உண்மையை நாடிப் பேசுவதை வாதம் என்றது, ஜெயிப்பதற்காகவே பேசுவதை ஜல்பம் என்றது, தனக்கென்று ஒரு நிலைப்பாடும் வைக்காமல் எதிராளியை மறுத்துக்கொண்டே இருப்பதை விதண்டை என்றது. விதண்டாவாதம் நம் வாயில் இன்னும் புழங்குகிறது, வாதத்தை மட்டும் ஏன் கைவிட வேண்டும்?

வாதம் வடசொல் ஆயிற்றே என்றால், ஆமாம், வடசொல்தான். வாக்குவாதத்தில் இரண்டு பாதியுமே வடமொழி. எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம். வாத நோயோடு குழம்பும் என்பதும் வீண் பயம், அந்த வாதம் காற்றைக் குறிக்கும் வேறு சொல், இடம் பார்த்தால் புரிந்துவிடும்.

அப்புறம், வாதத்தின் உறுப்புகள். மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் மேற்கோள் (அதாவது நிறுவ வேண்டிய முடிவு), ஏது, எடுத்துக்காட்டு என்று அடுக்கித்தான் நிறுவுகிறது. மேற்கோள் இன்று பிறர் சொன்னதை எடுத்தாள்வதற்குப் போய்விட்டது, அதனால் முடிவு என்றே எழுதலாம். ஆனால் முடிவைத் தாங்கும் காரணத்துக்கு ஏது என்ற சொல் இருக்கும்போது அதை முன்மொழிவு என்று எழுதுவதை ஏற்க முடியவில்லை. முன்மொழிவது கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறவர் செய்கிற வேலை.