நடைத்தொலைவா, ‘நடக்கக்கூடிய அக்கம்பக்கமா’?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வரப்போகும் அடுக்குமாடிக்கு ஒரு தமிழ்த் துண்டறிக்கை கைக்கு வந்தது: ‘நடக்கக்கூடிய அக்கம்பக்கத்தில் சின்ன வீடு’. ‘walkable neighbourhood’ என்ற ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்த இந்தச் சொற்றொடரைப் பார்ப்பது இது மூன்றாவது தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

நட வினை, நடை அதன் பெயர். அக்கம்பக்கம் என்பது நமக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் இருப்பவர்கள். ‘அக்கம்பக்கம் பார்த்துப் பேசு’ என்கிறோம். கடை, பள்ளி, கோயில் என்று விரியும் பகுதிக்கு வட்டாரம் என்ற நல்ல சொல் இங்கே புழக்கத்தில் உண்டு.

பெரிய கோளாறு ‘நடக்கக்கூடிய’தான். பேசக்கூடிய குழந்தை என்றால் பேசுவது குழந்தை. அப்படியானால் இங்கே நடப்பது யார், அக்கம்பக்கமா? ‘இது நடக்கக்கூடிய காரியமா?’ என்று கேட்டுப் பழகிய காதுக்குப் பொருள் இன்னும் குழம்பும். ‘குடிக்கக்கூடிய தண்ணீர் சரியென்றால் இதுவும் சரிதானே?’ என்று மொழிபெயர்ப்பு செய்யும் நண்பர் ஒருவர் வாதாடினார். சரியில்லை. தண்ணீரைக் குடிக்கிறோம்; வட்டாரத்தை நடப்பதில்லை, வட்டாரத்தில் நடக்கிறோம். ‘ஐ’க்கும் ‘இல்’லுக்கும் உள்ள இந்த வேறுபாடு பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலச் சொல்லின் ‘-able’ என்ற வாலைக் கண்டதும் ஒரு ‘கூடிய’வை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். வாய்விட்டு ஒருமுறை படித்தாலே தப்பு தெரிந்திருக்கும்.

‘சின்ன வீடு’ அதைவிட மோசம். தமிழில் அதற்கு என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். குடும்பம் குடியேறும் வீட்டை அப்படியா சொல்வது? அளவான வீடு என்றால் போதுமே.

என் அக்கா போன வருடம் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருந்த மூலைவீட்டை விற்றுவிட்டு, பாசாருக்குப் (சந்தைக்கு) பின்னால் இரண்டு அறை வீட்டுக்கு மாறினார். ஏன் என்று கேட்டேன். “கண்ணு மங்கிப்போச்சு தம்பி, இனிமே கார் ஓட்ட முடியாது. இங்க கோயில், பாசார், கிளினிக் எல்லாம் நடக்குற தூரம்” என்றார். தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, கோயில் எல்லாம் பொடிநடை. பள்ளியும் அப்படித்தான்: பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்றது அன்றைய மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அப்படி வாழ்ந்த மக்களிடம் சொல் இல்லாமலா போகும்?

தூரம் வடசொல். பேச்சில் அது இருக்கட்டும்; எழுத்தில் நடைத்தொலைவு என்பேன். ‘எல்லாம் நடைத்தொலைவில் உள்ள வட்டாரத்தில் அளவான வீடு.’ துண்டறிக்கை வரியை அக்காவிடம் படித்தபோது, “என்ன சொல்ல வர்றாங்க?” என்றார். இதைப் படித்ததும், “எந்த ரோட்டுல? எவ்வளவு வெள்ளி?” என்று கேட்டார்.