காலை மாத்திரைகள்: எதற்கு முன் எது?

நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு தைராய்டு, பிரஷர், சர்க்கரை மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. மாத்திரைகளையும் சேர்த்தே, ஒரே பிடியாகக் காபியோடு விழுங்கிவிடுகிறார்கள். "ஒரு நாள்கூடத் தவறவில்லை டாக்டர், ஆனாலும் டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் போதுமா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) இறங்கவில்லையே" என்பவர்களிடம், எழுந்ததிலிருந்து டிபன் வரை என்ன செய்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டாலே காரணம் கிடைத்துவிடுவதுண்டு.

விழிப்பு வந்ததும் சட்டென்று எழுந்து நிற்காதீர்கள். கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். பிரஷர் மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பாத்ரூம் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான்.

பல் துலக்கியதும் தைராய்டு மாத்திரையான தைராக்ஸின். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதன்பின் 30 முதல் 60 நிமிடம் வரை காபி, டீ, பால், கஞ்சி எதுவும் வேண்டாம். காபி இந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. சர்க்கரை போடாத கறுப்புக் காபிக்கும் இது பொருந்தும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் குடலிலேயே இதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் 4 மணி நேர இடைவெளி தேவை. அவற்றை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்வது எளிது. மருந்து பாட்டிலை அடுப்பு மேடைக்கு மேலே வைக்காதீர்கள். சூடும் ஈரமும் அதைக் கெடுக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இதுவரை காபியோடு விழுங்கியவர் சரியான முறைக்கு மாறினால், அதே டோஸ் அவருக்குக் கூடுதலாகிவிடலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் அதுவாக இருக்கலாம். மாறுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட்டு, 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் சரியான நிலவரம் தெரியாது.

காபிக்காகக் காத்திருக்கும் அந்த நேரம்தான் பிரஷர் பார்க்க ஏற்றது. முதலில் சிறுநீர் கழித்துவிடுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை அளவைக் கூட்டிக் காட்டும். நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பதிய, 5 நிமிடம் பேசாமல் இருங்கள். கைப்பட்டையைச் சட்டைமேல் சுற்றாமல் வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே கட்டி, கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வையுங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் இல்லாத பிரஷரையும் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். பிரஷர் மாத்திரை இதற்குப் பிறகுதான். மாலையிலும் இதேபோல் எடுத்து, 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரே ஒரு நாள் 150 வந்ததற்காக நீங்களாகவே மாத்திரையைக் கூட்டாதீர்கள்.

சர்க்கரை பார்ப்பதாக இருந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தாலே எண் ஏறிவிடும். இரவு குறைவாகச் சாப்பிட்டும் காலையில் கூடுதலாக இருக்கிறதே என்று பலர் கலங்குகிறார்கள். விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே விடச்செய்வது ஒரு காரணம்.

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நடை போக வேண்டாம். அளவு 70-க்குக் கீழே இருந்தால் நடையை விட்டுவிட்டு, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கிளிமிபிரைடை டிபன் தட்டு முன்னால் வந்த பிறகு போடுங்கள். மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை சாப்பாட்டோடோ சாப்பிட்டதுமோ. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்.

லேபுக்குப் போகும் நாளில் இந்த வரிசை சற்று மாறும். சர்க்கரை மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் கையில் எடுத்துச் சென்று, ரத்தம் கொடுத்ததும் தைராய்டு மாத்திரையைப் போட்டு, அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடும்போது சர்க்கரை மாத்திரையைப் போடுங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும், மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாதவரை, வழக்கமான நேரத்திலேயே தண்ணீரில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.