அரைத் தானியங்கியா, தன்னிரப்பியா?

ஹூஸ்டனில் இருக்கும் என் தங்கை மகன் சென்ற மாதம் ஒரு கட்டுரையை அனுப்பியிருந்தான். குறி பார்த்துச் சுடப் பழகுவதற்கும் வீட்டுக் காவலுக்கும் என்ன துப்பாக்கி வாங்கலாம் என்று அமெரிக்கர்களுக்குச் சொல்லும் கட்டுரை. யாரோ தமிழாக்கியிருந்தார்கள். "தமிழில் படித்தால் அம்மாவுக்கும் விளக்கலாம் என்று பார்த்தேன் மாமா, எனக்கே விளங்கவில்லை" என்று எழுதியிருந்தான். முதல் பத்தியிலேயே இப்படி ஒரு வரி: "இலக்குப் பயிற்சிக்கு போல்ட் நடவடிக்கைத் துப்பாக்கியும், வீட்டுப் பாதுகாப்புக்கு 15 சுற்றுகள் கொண்ட அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியும் உகந்தவை."

மூலத்தில் 'போல்ட் ஆக்‌ஷன்' என்று இருந்திருக்கும். நடவடிக்கையை மாவட்ட ஆட்சியர் எடுப்பார், காவல்துறை எடுக்கும். போல்ட் எப்படி எடுக்கும்? அதையாவது சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஆங்கிலத்தின் 'செமி ஆட்டோமேட்டிக்'கைப் பெயர்த்த 'அரைத்தானியங்கி'யைக் கடக்க முடியவில்லை. என் கண் அதை முதலில் 'அரைத்த தானியம்' என்றுதான் படித்தது. மாவு மில் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்துதான் துப்பாக்கியைப் பிடித்தேன். அமெரிக்காவில் எங்கேயாவது ஒருவன் பலரைச் சுட்டுக் கொன்ற செய்தி வரும்போதெல்லாம் இந்தச் சொல்லும் கூடவே வருகிறது. ஒரு நாள் அரைத் தானியங்கி, மறுநாள் பகுதித் தானியங்கி, அவசரமான நாளில் அரையும் பகுதியும் உதிர்ந்துபோய் வெறும் தானியங்கி. மூன்றும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன என்பது படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

துப்பாக்கி என்ற சொல்லின் பிறப்பை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் சண்டைக்கு இடமில்லை. துருக்கியின் 'துஃபெக்', பாரசீகத்தின் 'துஃபங்' வழியாகத் தக்காணத்துக்கு வந்த சொல் அது. தெலுங்கிலும் கன்னடத்திலும் துபாகி, மலையாளத்தில் தோக்கு. "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்று மேடையில் கைதட்டல் வாங்குகிறவர்கள் உண்டு. அந்தக் குறள் மழையைப் பற்றியது. அங்கே 'துப்பாக்கி' என்றால் உணவை ஆக்கி என்று பொருள். பிறமொழிச் சொல் என்பதற்காகத் துப்பாக்கியைத் தள்ளிவிட்டுத் 'துமுக்கி' என்று எழுதும் தூய்மையாளர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சில நூற்றாண்டுகளாக நம் வாயில் கிடந்து தேய்ந்த சொல்லை எதற்காகத் துரத்த வேண்டும்? தோட்டாவும் வந்த சொல்தான், பீரங்கியும் பரங்கியர் பெயரால் வந்ததுதான். என் சண்டை தூய்மைக்காக அல்ல. சொன்னால் பொருள் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பொருளுக்கு வருகிறேன். துப்பாக்கியில் ஒரு முறை சுட்டபின் மறுபடி சுட வேண்டுமானால் மூன்று வேலைகள் நடந்தாக வேண்டும். வெடித்த தோட்டாவின் கூடு வெளியே வர வேண்டும், புதுத் தோட்டா குழலின் அடிப்பகுதியில் உள்ள அறைக்குள் ஏற வேண்டும், தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியான குதிரை மறுபடி தயாராக நிற்க வேண்டும். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியில் இதெல்லாம் கைவேலை. குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்துக் கெட்டித்து, அதன்மேல் சிறு குண்டுகளான ரவையைப் போட்டு, மறுபடி இடிக்க வேண்டும். கட்டுரைக்காரரின் 'போல்ட் நடவடிக்கை'யிலும் கைதான் வேலை செய்கிறது. கதவுத் தாழ்ப்பாளைத் தூக்கி இழுத்துத் தள்ளுவதுபோல ஒரு பிடியைத் தூக்கி இழுத்தால் கூடு வெளியே விழும், முன்னே தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே போகும். போல்ட் என்றால் தாழ்ப்பாள்தானே. தாழ்ப்பாள் துப்பாக்கி என்று எழுதியிருந்தால் என் தங்கைக்குக்கூடப் புரிந்திருக்கும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியிலும் ஒவ்வொரு குண்டையும் கையால் வைத்து மூடித்தான் சுட வேண்டும்.

நமக்குச் சொல் வேண்டிய துப்பாக்கியில் அந்த மூன்று வேலைகளையும் வெடிப்பின் உந்துதலே செய்துவிடுகிறது. கைத்துப்பாக்கியாக இருந்தால் பெரும்பாலும் பின்னுதைப்பால், நீளத் துப்பாக்கியாக இருந்தால் பெரும்பாலும் வெடிவாயுவால். சுடுவது மட்டும் மனிதன் வேலை. விசைமேல் வைத்த விரலை ஒரு முறை இழுத்தால் ஒரே வேட்டு. அடுத்த வேட்டுக்கு விரலை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். தானாக நடப்பது நிரப்புதல், சுடுதல் அல்ல.

இப்போது 'அரை'யை எடுத்துப் பார்ப்போம். எதில் அரை? நிரப்புதல் முழுக்கத் தானாக நடக்கிறது, அதில் அரை இல்லை. சுடுதல் முழுக்கக் கையால் நடக்கிறது, அதிலும் அரை இல்லை. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து அரை என்று போடுவது கணக்கு வாத்தியார் வேலை, பெயர் வைக்கிறவர் வேலை அல்ல. தமிழில் அரை என்று முன்னால் வந்தாலே ஏதோ குறை என்றுதான் காது கேட்கும்: அரைவேக்காடு, அரைமனது, அரைகுறை. 'அரைத் தானியங்கி' என்றதும் சரியாக வேலை செய்யாத தானியங்கி, அதனால் ஆபத்து குறைந்தது என்று ஒருவர் நினைத்தால் அவர்மேல் தப்பில்லை. 'தானியங்கி' என்று மட்டும் போட்டாலோ எதிர்ப்பக்கம் சாய்கிறது. பணம் எடுக்கும் தானியங்கியையும் போக்குவரத்து விளக்கையும் பார்த்துப் பழகிய நமக்கு, ஆள் இல்லாமலே இயங்குவதுதான் தானியங்கி. அமெரிக்கக் கடைகளில் இயந்திரத் துப்பாக்கியை மிட்டாய்போல விற்கிறார்கள் என்று இங்கே பலரும் நம்புவதற்கு இந்த மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். உண்மையில், 1986 மே மாதத்துக்குப் பின் செய்யப்பட்ட இயந்திரத் துப்பாக்கியைத் தனியார் அங்கே வாங்க முடியாது. கடையில் அடுக்கியிருப்பவை வேட்டுக்கு ஒரு முறை விரலை இழுக்க வேண்டியவை. அவையே போதுமான அளவு ஆளைக் கொல்கின்றன என்பது வேறு விஷயம். அதைச் சொல்லவும் சரியான சொல் வேண்டுமே.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஆங்கிலத்திலேயே குழப்பம் இருக்கிறது. .45 ஏ.சி.பி. என்ற தோட்டாவின் பெயரில் உள்ள 'ஏ' ஆட்டோமேட்டிக்கைக் குறிக்கிறது. முழுப்பெயர் ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல். அந்தப் பெயர் வைத்த காலத்தில் ஆட்டோமேட்டிக் என்றால் தானே நிரப்பிக்கொள்வது என்றுதான் பொருள். பிறகு தொடர்ந்து சுடுபவை பெருகியதும் அந்தச் சொல் அவற்றுக்குப் போய்விட, பழையதற்கு முன்னால் 'செமி' என்று ஓர் ஒட்டுப் போட்டார்கள். அந்த ஒட்டைத்தான் நாம் அரை என்று பக்தியோடு பெயர்த்துக்கொண்டிருக்கிறோம். ஜெர்மானியர்களிடம் நேரான பெயரும் உண்டு. அவர்களுக்கு அது ஸெல்ப்ஸ்ட்லாடெபிஸ்டோலெ, அதாவது தானே நிரப்பும் பிஸ்டல்.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் காவலர்கள் பல்லாண்டுகளாகத் தோளில் மாட்டியிருந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைத் தெரியாத தமிழ் நிருபர் உண்டா? செல்ஃப் லோடிங் ரைஃபிள் என்பதன் சுருக்கம் அது. பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. எஸ்.எல்.ஆர். என்று எழுதிய அதே பேனா, அதே வகைத் துப்பாக்கி டெக்சாசில் அகப்பட்டால் மட்டும் அரைத் தானியங்கி என்று எழுதுவதை என்னென்பது?

ஆகவே நான் எழுதுவது தன்னிரப்பி. தன், நிரப்பி இரண்டும் சேர்ந்தால் தன்னலம், தன்னிறைவுபோலத் தன்னிரப்பி. தன்னிரப்பித் துப்பாக்கி, தன்னிரப்பிப் பிஸ்டல்.

இதற்கு ஒரு நண்பர் சொன்ன மறுப்பு வலுவானது. இயந்திரத் துப்பாக்கியும் தானாகத்தானே நிரப்பிக்கொள்கிறது, அப்படியானால் அதுவும் தன்னிரப்பி ஆகாதா என்றார். ஆகும்தான். அதனால்தான் அதை அதன் தனிக்குணத்தால் அழைக்க வேண்டும் என்கிறேன்: தொடர்சுடு துப்பாக்கி. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் இதில் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறது. தடைசெய்யப்பட்ட ஆயுதம் எது என்று வரையறுக்கும் இடத்தில், விசையை அழுத்தினால், அழுத்தத்தை எடுக்கும்வரையோ குண்டு தீரும்வரையோ தொடர்ந்து சுடும்படி அமைந்தது என்று நடப்பதை அப்படியே சொல்லிவிடுகிறது. தானியங்கி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. 1934ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு படாதபாடு பட்டது. விசையின் ஒரே இயக்கத்தில், கையால் நிரப்பாமல், ஒன்றுக்கு மேற்பட்ட வேட்டுகளைத் தானாகச் சுடுவதுதான் இயந்திரத் துப்பாக்கி என்கிறது அது. 2017இல் லாஸ் வேகாஸில் கொலையாளி தன்னிரப்பிகளில் 'பம்ப் ஸ்டாக்' என்ற ஒரு துணைக்கருவியைப் பொருத்தி ஏறக்குறைய இயந்திரத் துப்பாக்கியின் வேகத்தில் சுட்டான். அந்தக் கருவியைப் பொருத்தினால் அது இயந்திரத் துப்பாக்கி ஆகிவிடுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 ஜூனில் ஆகாது என்று ஆறு நீதிபதிகளும் ஆகும் என்று மூவரும் பிரிந்தார்கள். 'ஒரே இயக்கம்', 'தானாக' என்ற இரண்டு சொற்களின் மீதுதான் அவ்வளவு வாதமும். இந்தத் தீர்ப்பை ஒருவர் அரைத் தானியங்கி, முழுத் தானியங்கி என்று தமிழில் எழுதிப் பார்க்கட்டும். மூன்றாவது வரியில் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹூஸ்டன் போயிருந்தபோது மருமகன் என்னைச் சுடுகளத்துக்கு அழைத்துப் போனான். பயிற்சியாளர் ஒரு 9 மி.மீ. பிஸ்டலை எடுத்து, கைப்பிடிக்குள் இருந்த மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை, உருவி மேசைமேல் வைத்தார். "இப்போது இது காலியா?" என்று கேட்டார். காலி என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மேல்தகட்டைப் பின்னால் இழுத்தார். பித்தளை மினுங்க ஒரு தோட்டா எகிறி, ரப்பர் விரிப்பில் விழுந்து, என் செருப்பருகே உருண்டு வந்து நின்றது. மேகசின் போனாலும், ஏற்கெனவே தானே நிரப்பிக்கொண்ட ஒன்று அறைக்குள் தங்கியிருக்கலாம். துப்பாக்கி காலி என்று நினைத்துச் சுட்டுக்கொண்டவர்கள் பலரின் கதை இதுதான். வீட்டுக் காவலுக்கென்று ஒருவர் வாங்கும் பொருளின் பெயரிலேயே இந்த எச்சரிக்கை இருந்தால் நல்லதல்லவா? தன்னிரப்பி என்றால் இருக்கிறது.

அந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் எப்படி என்று கேட்டால், 15 சுற்றுகள் என்பது 15 தோட்டாக்கள். 'மூன்று சுற்றுச் சுட்டார்' என்று நம் செய்திகளும் எழுதுகின்றன. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஊரை மூன்று சுற்றுச் சுற்றி வந்ததுபோல. ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் 'கைத்துப்பாக்கி' என்ற ஒரே சொல்லைப் போட்டிருந்தார்கள். ஒன்றில் சுழலும் உருளைக்குள் ஐந்தோ ஆறோ தோட்டா, இன்னொன்றில் கைப்பிடிக்குள் பதினைந்து. வாங்கப் போகிறவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியதே இந்த இரண்டில் ஒன்றைத்தான், அதையே மூடி மறைத்தால் எப்படி? ரிவால்வரும் பிஸ்டலும் தமிழில் ஊறிய சொற்கள், அப்படியே எழுதலாம். ஏ.ஆர்.-15 என்பதில் ஏ.ஆர். என்பதைத் 'தாக்குதல் துப்பாக்கி' என்று விரித்திருந்தார்கள். அது ஆர்மலைட் என்ற நிறுவனத்தின் பெயர். ஆகப் பெரிய கூத்து '12 போர் ஷாட்கன்' என்பதற்கு நேர்ந்தது. அங்கே போர் என்பது குழலின் உள்விட்டக் கணக்கு. குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. தமிழாக்கியவர் அதைப் 'பன்னிரு போர்த் துப்பாக்கி' ஆக்கியிருந்தார். அந்தப் பன்னிரண்டு போர்களும் எங்கே நடந்தன என்று மருமகன் கேட்டான்.

இந்தத் தமிழாக்கம் கணினி செய்ததாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். இல்லை, 'உகந்தவை' என்று எழுதக் கூச்சப்படாத ஒரு மனிதக் கை தெரிகிறது. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்துக்கொண்டு, பொருளைப் பிடித்துப் பார்க்காமல் நகர்கிற கை. குதிரை என்று பழைய ஆட்கள் சொல்லும் துப்பாக்கி உறுப்பு ஒன்று உண்டு என்று யாராவது ஓய்வுபெற்ற காவலரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இவர் கேட்கவில்லை, 'சம்மட்டி' என்று எழுதியிருக்கிறார்.

மருமகன் கடைசியில் .22 தாழ்ப்பாள் துப்பாக்கி ஒன்றை வாங்கியிருக்கிறான், சுடுகளத்துக்கு மட்டும். வீட்டுக் காவலுக்கு என்ன செய்வது என்று இன்னும் தங்கையோடு வாதம் நடக்கிறது. நேற்று இரவு மறுபடியும் செய்தி: "மாமா, 'இரட்டை நடவடிக்கை மட்டும்' என்று ஒரு ரிவால்வருக்குப் போட்டிருக்கிறதே, அது என்ன?" விரலை இழுக்கும் அந்த ஒரே இழுப்பில் குதிரை பின்னால் ஏறவும் வேண்டும், விழவும் வேண்டும், கட்டைவிரலால் முன்கூட்டியே ஏற்றி வைக்க முடியாது, அதனால் விசை கனமாக இருக்கும் என்று எழுதி அனுப்பினேன். அதற்கு ஒரு சொல் கேட்டான். ஏறிவிழு குதிரை என்று வைத்திருக்கிறேன், இரண்டு நாள் போகட்டும்.