மரபணு அறிக்கையும் இன்ஹேலரும்: இளைப்பு உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு

சில மாதங்களுக்கு முன் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய பெற்றோர் என்னிடம் அழைத்து வந்தார்கள். ஓராண்டாகக் காலையும் இரவும் இன்ஹேலர் எடுத்தும் மாதம் ஒருமுறையாவது இளைப்பு வந்து, இரவோடு இரவாக எங்காவது ஓடி நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கிறது என்றார்கள். தந்தை தம் பையிலிருந்து ஓர் அறிக்கையை எடுத்து மேசைமேல் விரித்தார். பையனின் எச்சிலை ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பெற்ற மரபணு அறிக்கை அது. அதில் ஒரு வரிக்கு அடிக்கோடிட்டிருந்தார். "இந்த மருந்து இவனுக்குச் சரியா வேலை செய்யாதுன்னு போட்டிருக்குதுங்க டாக்டர். மாத்திரலாமுங்களா?" என்று கேட்டார்.

இத்தகைய அறிக்கையோடு வரும் பெற்றோரை இப்போது அவ்வப்போது பார்க்கிறேன். அவர்களுடைய கேள்வி நியாயமானது. ஒரே அளவில் ஒரே மருந்தை எடுக்கும் இரண்டு குழந்தைகளில் ஒருவருக்கு இளைப்பு அடங்குவதும் மற்றவருக்கு அடங்காமல் போவதும் நாங்கள் நாள்தோறும் காண்பதுதான். அந்த வேறுபாட்டில் மரபணுவுக்குப் பங்கு உண்டா, எந்த அளவுக்கு உண்டு என்பதைக் கண்டறியப் பல நாட்டு ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளாக உழைத்து வருகிறார்கள். அவர்கள் எதைக் கண்டார்கள், அது நம் குழந்தைகளுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைப் பெற்றோர் அறிந்திருந்தால், அந்த ஒரு வரியை வைத்து மருந்தை நிறுத்தும் நிலை வராது.

இளைப்பு வந்தவுடன் கொடுக்கும் சால்பூட்டமாலும், ஸ்டீராய்டோடு சேர்த்து ஒரே இன்ஹேலரில் தரப்படும் சால்மெட்டரால் போன்ற நீண்ட நேர மருந்துகளும் மூச்சுக்குழாயின் தசையில் உள்ள பீட்டா-2 ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. அந்த ஏற்பியைச் செய்வதற்கான மரபணு ஐந்தாவது குரோமோசோமில் இருக்கிறது. ஏற்பி என்னும் புரதச் சங்கிலியின் 16ஆவது இடத்தில் சிலருக்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமும் சிலருக்குக் கிளைசினும் அமைந்திருக்கும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு நகல்கள் வருவதால், இரண்டும் ஆர்ஜினினாக அமைந்த குழந்தைகளும் உண்டு. பிரிட்டனில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் அப்படிப்பட்டவர். தந்தை காட்டிய அறிக்கையின் வரி இதைப் பற்றியதுதான்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் அந்தப் பகுதிக் குழந்தைகளிடம் இதை முதலில் கவனித்தார்கள். ஆர்ஜினின் வகை உள்ளவர்கள் நீண்ட நேர மருந்தைத் தினமும் எடுத்தபோது அவர்களுக்கு இளைப்பு கடுமையாவது கூடுதலாக இருந்தது. ஆனால் ஓர் ஊரின் கணக்கை மட்டும் நம்பி மருத்துவத்தை மாற்ற முடியாது. ஆஸ்துமா உள்ள சில நூறு குழந்தைகளைச் சேர்த்தாலும், அவர்களில் குறிப்பிட்ட மருந்தை எடுப்பவர்கள் ஒரு பகுதியினர். அவர்களில் குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்கள் இன்னும் சிலர். அந்த ஆண்டில் கடும் இளைப்பு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இப்படி வடிகட்டி வடிகட்டி மிஞ்சுவது ஒரு கைப்பிடிதான். குழந்தைப் பருவ ஆஸ்துமாவில் மருந்துக்கும் மரபணுவுக்கும் உள்ள உறவை ஆராயப் பிக்கா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு தோன்றியதற்கு இதுவே காரணம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒருங்கிணைத்த அந்தக் கூட்டமைப்பில் 12 நாடுகளைச் சேர்ந்த 14,000க்கும் மேற்பட்ட குழந்தைகள், இளைஞர்கள் ஆகியோரின் தரவுகள் சேர்ந்தன.

2016இல் வெளியான அவர்களுடைய கூட்டுப் பகுப்பாய்வு ஐந்து ஆய்வுகளின் 4,226 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. ஸ்டீராய்டோடு நீண்ட நேர மருந்தையும் எடுத்த குழந்தைகளிடம், ஆர்ஜினின் வகையின் ஒவ்வொரு நகலுக்கும் இளைப்பு கடுமையாகும் வாய்ப்பு விகிதம் 1.52 என்று, அதாவது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று வந்தது. அலட்சியப்படுத்தக்கூடிய எண் அன்று. அப்படியானால் மரபணுவைப் பார்த்தே மருந்தைத் தேர்ந்தெடுத்தால் என்ன? பிரிட்டனில் 12 முதல் 18 வயது வரையுள்ள 241 பேரிடம் அதையும் செய்து பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான முறையிலும், மற்றொரு பிரிவினருக்கு மரபணு வகையைப் பார்த்தும் மருந்து எழுதப்பட்டது. ஓராண்டு கழித்து வாழ்க்கைத்தர மதிப்பெண்ணில் மரபணுப் பிரிவுக்கு 0.16 கூடுதலாகக் கிடைத்தது. இரண்டு நகலும் ஆர்ஜினினாக உள்ளவர்களை மட்டும் பார்த்தால் 0.42. அந்த அளவுகோலில் 0.5 மாறினால்தான் குழந்தை தன் அன்றாட வாழ்வில் வித்தியாசத்தை உணரும் என்பது பொதுவான கணக்கு. ஆக, வழி திறந்திருக்கிறது, ஆனால் எல்லாக் குழந்தைக்கும் மரபணுப் பரிசோதனை எழுதிக்கொடுக்கும் இடத்துக்கு நாம் இன்னும் வந்து சேரவில்லை என்பது என் மதிப்பீடு.

இங்கே பெற்றோரும் மருத்துவர்களும் சற்று நின்று கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த 4,226 குழந்தைகளும் வட ஐரோப்பிய, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். வம்சாவளி மாறும்போது மருந்துக்கான பதிலும் மாறக்கூடும் என்பது அமெரிக்காவிலேயே தெரிந்த செய்தி: அங்கு வாழும் லத்தீன் அமெரிக்கர்களை ஒரே கூட்டமாக எண்ணிவந்த நிலையில், சால்பூட்டமாலுக்குப் பின் மூச்சுக்குழாய் விரியும் அளவு மெக்சிகோ வம்சத்தவரைவிடப் போர்ட்டோ ரிக்கோ வம்சத்தவரிடம் குறைவு என்று 2004இலேயே சான்பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படியிருக்க ஸ்காட்லாந்துக் குழந்தையின் எண்ணைத் திருப்பூர்க் குழந்தைக்கு அப்படியே பொருத்துவது எப்படிச் சரியாகும்? உலக ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக்குப் பெரிதும் பயன்படுத்தும் ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டத்தில், 2015இல் முடிந்த தொகுப்பின்படி, 26 மக்கள்குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் இருக்கிறார்கள். அவர்களில் தமிழர் என்ற பெயரில் இடம்பெற்றவர்கள் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள் 102 பேர். ஊர் பெயர்ந்து சென்ற அந்த 102 பேரும் ரத்தம் கொடுத்திராவிட்டால் அந்த அட்டவணையில் தமிழர் என்று ஒரு வரியே இருந்திருக்காது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பன்னாட்டு ஆய்வு நமக்குப் புதிதுமன்று. குழந்தைகளின் ஆஸ்துமா, ஒவ்வாமை பற்றி 1990களில் நடந்த ஐசாக் என்ற பன்னாட்டு ஆய்வு 56 நாடுகளில் 155 மையங்களில் 13, 14 வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 4,63,801 பேரிடம் இளைப்பைப் பற்றிக் கேட்டறிந்தது. சென்னை, நெய்வேலி மாணவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. இடத்துக்கு இடம் இளைப்பின் பரவல் இருபது மடங்குக்குமேல் வேறுபடுகிறது என்பதை அப்படித்தான் உலகம் அறிந்தது. வினாத்தாளில் டிக் அடித்தால் போதும் என்பதால் அன்று நம் பிள்ளைகள் எளிதாகச் சேர்ந்தார்கள். மருந்தையும் மரபணுவையும் இணைத்துப் பார்க்கும் ஆய்வுக்கு அது போதாது. எந்த மருந்து, எந்த அளவு, எத்தனை நாள், எத்தனை முறை வாய்வழி ஸ்டீராய்டு, எத்தனை முறை அவசர சிகிச்சை என்பன தேதியோடு வேண்டும். டண்டீயில் ஒரே நோயாளி எண்ணின் கீழ் மருந்துச்சீட்டும் மருத்துவமனைச் சேர்க்கையும் பதிவாகியிருந்தன. நெதர்லாந்தில் மருந்தகப் பதிவேடுகளைக் கொண்டே குழந்தைகளைத் தேடிச் சேர்த்தார்கள். நம்மிடம் அந்தக் குழந்தை மூன்று கிளினிக்குகளில் நெபுலைசர் வைத்திருக்கும், ஒரு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு சிரப் வாங்கியிருக்கும், எதற்கும் எழுத்து இருக்காது. எச்சில் மாதிரியைக் குழாயில் அடைத்து அனுப்ப ஒரு நாள் போதும். இந்த ஒரு வருடக் கதையைத் திரட்டுவதுதான் கடினம், அது இல்லாவிட்டால் மரபணுவை எதோடு ஒப்பிடுவது?

ஆகவே இளைப்பு உள்ள குழந்தையின் பெற்றோரிடம் நான் கேட்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. இளைப்பு வந்த தேதி, கொடுத்த மருந்தின் பெயர், எத்தனை பஃப், பள்ளிக்குப் போகாத நாள்கள், வாய்வழியாக ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அது எத்தனை நாள் என்று எழுதிவந்தால் போதும். நாளை ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இன்றைய சிகிச்சைக்கே அது உதவும்.

ஆய்வில் சேருமாறு யாராவது அழைத்தால் தயங்காமல் கேள்வி கேளுங்கள். மாதிரி எங்கே போகிறது, பெயரை நீக்கிக் குறியீட்டு எண்ணில் வைக்கிறார்களா, வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவார்களா, நடுவில் விலகினால் மாதிரியை அழிப்பார்களா என்பன கேட்டே தீர வேண்டியவை. நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கட்டாயம். குழந்தைகளை உட்படுத்தும் ஆய்வுகளுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெற்றோரின் சம்மதத்தோடு, ஏழு வயது நிறைந்த குழந்தையின் வாய்மொழி இசைவும் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் எழுத்து இசைவும் பெற வேண்டும். குழந்தை வேண்டாம் என்று சொன்னால் அதற்கும் மதிப்பு உண்டு.

இனி அந்தச் சிறுவனிடம் வருகிறேன். அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, "கண்ணு, வீட்ல எப்படி எடுப்பியோ அதே மாதிரி எடுத்துக் காட்டு பார்க்கலாம்" என்றேன். ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் குழல்) இல்லாமல் இன்ஹேலரை நேராக வாயில் வைத்தான், அழுத்தினான், அழுத்திய பிறகுதான் மூச்சை இழுத்தான். உதட்டோரத்தில் வெள்ளையாகப் புகைபோல மருந்து வெளியே வந்தது. ஸ்பேசர் வாங்கியிருந்தார்களாம், பள்ளிப் பையில் இடமில்லை என்று அலமாரியில் இருக்கிறதாம். இன்னொன்றும் விசாரிக்க விசாரிக்கத் தெரிந்தது. பழகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதைக் கேட்டு, இளைப்பு இல்லாத வாரங்களில் பாட்டி மருந்தை நிறுத்தியிருக்கிறார். நுரையீரலுக்கே போய்ச் சேராத மருந்து வேலை செய்யவில்லை என்பதற்கு மரபணுவைக் காரணம் சொல்ல முடியாது.

மருந்தை மாற்றுவதிலும் ஒரு கவனம் தேவை. இத்தகைய அறிக்கையைப் பார்த்ததும் பலரும் பீட்டா-2 ஏற்பியைச் சாராமல் வேறு வழியில் இயங்கும் மான்டெலுகாஸ்ட் மாத்திரைக்குத் தாவ நினைக்கிறார்கள். தூக்கக் கெடுதல், கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் போன்ற மனநலப் பக்கவிளைவுகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் அந்த மருந்துக்குக் கடுமையான எச்சரிக்கை விதித்தது. தேவைப்படும் குழந்தைக்கு நானும் எழுதுகிறேன்; என்னென்ன கவனிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லாமல் எழுதுவதில்லை. ஸ்டீராய்டு இன்ஹேலரை மட்டும் யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது, மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்குவது அதுதான்.

சிறுவனுக்கு மருந்தை மாற்றவில்லை. ஸ்பேசரோடு எடுக்கக் கற்றுக்கொடுத்தோம், பாட்டியையும் அடுத்த முறை அழைத்துவரச் சொன்னேன், வந்தார். மூன்று மாதம் கழித்து அவனுடைய அம்மா கொண்டுவந்த நோட்டில் ஒரே ஒரு இளைப்பு பதிவாகியிருந்தது. சளிக்காய்ச்சலோடு வந்தது, நெபுலைசர் தேவைப்படவில்லை. அந்த ஒன்றும் ஏன் வந்தது என்பதில் மரபணுவுக்கு ஒரு பங்கு இருக்கலாம். அறிக்கையை அவனுடைய கோப்பிலேயே பத்திரமாக வைத்திருக்கிறேன்.