கரைந்த உயிர்மக் கரிமம்: சொல் விளக்கம்

ஆனி, ஆடியில் நீரோடியிலிருந்து தேங்காய்ப்பட்டினம் வரை கடற்கரையில் நுரை பொங்கிக் கிடக்கும். வெறும் உப்புநீரை எவ்வளவு அடித்தாலும் நுரை அப்படி நிற்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் உயிர்ப்பொருள்தான் குமிழியை உடையவிடாமல் பிடித்து வைக்கிறது. மிதவைப் பாசிகள் கசியவிட்டதும், வைரஸ் தாக்கி வெடித்த நுண்ணுயிர்களின் உள்ளீடும், குழித்துறை ஆறு போன்றவை கொண்டுவந்து தள்ளிய இலைமட்கின் சாறும் அதில் அடக்கம். இவற்றிலுள்ள கரிமத்தைக் கடலியலார் 'டிசால்வ்ட் ஆர்கானிக் கார்பன்' என்கிறார்கள்.

லத்தீனில் 'கார்போ' என்றால் கரி. 1787-இல் லவாய்சியேயும் அவர் கூட்டாளிகளும் வேதிப்பெயர்களைச் சீரமைத்தபோது அதிலிருந்து தனிமத்துக்குப் பெயர் வைத்தார்கள். நம் 'கரிமம்' என்பதிலும் அதே கரிதான் இருக்கிறது. 'ஆர்கானிக்' கிரேக்க 'ஆர்கனான்' வழி வந்தது: முதலில் கருவி, பிறகு உடலுறுப்பு, அப்புறம் உயிருக்குரியது.

சிக்கல் இங்கேதான். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைக் 'கரிம வேதியியல்' என்று படித்துப் பழகிய நாம், இதைக் 'கரிமக் கரிமம்' என்றோ 'கரிமக் கார்பன்' என்றோ எழுதிவிடுகிறோம். கடலிலுள்ள கரிமத்தில் மிகப் பெரும்பங்கு, உயிர்ப்பொருளில் சேராத பைகார்பனேட்டாக இருக்கிறது. அதிலிருந்து இதைப் பிரித்துக் காட்டத்தான் அந்த அடைமொழியே. உயிர் என்ற பொருள் விட்டுப்போனால் சொல் எதற்கு? மண் பரிசோதனையில் புழங்கும் 'அங்ககக் கரிமம்' சரியான சொல். தனித்தமிழில் வேண்டுமென்றால் 'உயிர்மக் கரிமம்' என்பேன்.

'கரைந்த' என்பது அளவீட்டை ஒட்டிய வரையறை. ஒட்டியிருக்கும் கரிமம் போவதற்காக 450 டிகிரியில் சுட்டெடுத்த கண்ணாடியிழை வடிதாளில் கடல்நீரை வடிப்பார்கள். துளை ஏறத்தாழ 0.7 மைக்ரோமீட்டர். கீழே இறங்கியதெல்லாம் கணக்கில் 'கரைந்தது', வைரஸும் இறங்கிவிடும்.

ஆழ்கடலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம்தான் இது. ஆனால் உலகக் கடல் முழுவதையும் கூட்டினால் சுமார் 66,000 கோடி டன். காற்றில் கரியமில வாயுவாக இருக்கும் கரிமத்தோடு ஒப்பிடத்தக்க அளவு. புதிதாகக் கசிந்ததைப் பாக்டீரியாக்கள் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ தின்றுவிடும். மிஞ்சுவதுதான் வியப்பு. வட பசிபிக்கின் ஆழ்நீரில் அதன் சராசரி வயது சுமார் 6,000 ஆண்டுகள் என்று 1987-இல் வில்லியம்ஸ், டிரஃபெல் என்ற கடல் வேதியியலார் இருவரும், காலம் போகப்போகச் சிதைந்து குறையும் கதிரியக்கக் கரிமத்தை வைத்துக் காட்டினார்கள். ஆழ்நீர் ஒரு சுற்று வர ஆயிரம் ஆண்டு அளவில் ஆகும். அப்படியானால் அதே கரிமம் பல சுற்று வந்திருக்கிறது.

இந்தப் பங்கை 'ரிஃப்ராக்டரி' என்பார்கள். லத்தீனில் முரண்டு பிடிப்பது என்று பொருள். 'மட்காத' என்று எழுதுவது பிழை, 'எளிதில் மட்காத' என்பதே பொருந்தும். மூலக்கூறு கடினமானதால் பாக்டீரியா தொடுவதில்லை என்பது ஒரு விளக்கம். ஒவ்வொரு வகையும் தின்னக் கட்டுப்படியாகாத அளவுக்கு அரிதாகக் கிடப்பதால்தான் என்பது இன்னொன்று. மேல்மட்டத்துக்கு வந்தால் வெயில் பட்டு ஒரு பகுதி உடைந்து, மறுபடி பாக்டீரியாவுக்கு இரையாகிறது.