வெந்நீர்க் குளத்தில் இடம் யாருக்கு?

தலையில் பனி படிந்திருக்க, கழுத்தளவு வெந்நீரில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் சிவந்த முகக் குரங்கின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பார்த்தவுடன் நமக்குத் தோன்றுவது, இந்த வெந்நீர் இல்லாவிட்டால் பாவம், குளிரில் செத்துப்போகும் என்பதுதான். உண்மையில், பனிக்காலத்தைத் தாண்ட இந்தக் குரங்குகளுக்கு வெந்நீர் தேவையே இல்லை. பிறகு ஏன் இறங்குகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இடம் ஜப்பானின் நாகானோ மாகாணத்தில் உள்ள ஜிகோகுதானி பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டர் உயரம். டோக்கியோவில் படிக்கும் மாணவர்கள் காலையில் கிளம்பி இரவுக்குள் விடுதிக்குத் திரும்பிவிடலாம். ஷின்கான்சென் அதிவேக ரயிலில் நாகானோ, அங்கிருந்து உள்ளூர் ரயிலில் யுதானாகா, பிறகு பேருந்து, கடைசியாகக் காட்டுப் பாதையில் 1.6 கிலோமீட்டர் நடை. பாதை பனியில் இறுகிக் கண்ணாடிபோல் வழுக்கும். கேமராவைவிட நல்ல காலணி முக்கியம். மாணவனாக இருந்தபோது ஒரு பிப்ரவரியில் நானும் போனேன். முதலில் கண்ணில் பட்டது குளத்துக்கு வெளியே இருந்த கூட்டம்தான். உள்ளே சில, பாறைகளிலும் சரிவிலும் தீனி பொறுக்கிக்கொண்டு பல. வெந்நீர்தான் உயிர் காக்கிறது என்றால் இத்தனை குரங்குகள் பனியில் என்ன செய்கின்றன?

மனிதனை விட்டுவிட்டால், குரங்கினத்தில் உலகிலேயே வடக்கே வாழ்வது இந்த ஜப்பானிய மகாக்தான். ஹோன்ஷு தீவின் வட முனையான ஷிமோகிதா தீபகற்பத்தில், 41 டிகிரி அட்சரேகைக்கும் மேலே, இவை குடித்தனம் நடத்துகின்றன. மைனஸ் 20 டிகிரி வரை தாங்கும். அங்கே வெந்நீர்க் குளியல் எதுவும் கிடையாது, உடம்பே போதும். குளிர் கூடக் கூட அடர்த்தியாகும் உரோமம், அதனுள் சிறைப்படும் காற்று, திரண்ட உடல்வாகு. வாலைப் பாருங்கள். நம் ஊர் மலைக்கோயில் படிக்கட்டில் தேங்காய் மூடியைப் பறித்துக்கொண்டு ஓடும் நாட்டுக்குரங்கும் இதே மகாக் பேரினம்தான். அதன் வால் ஏறத்தாழ உடலளவு நீளம். ஜப்பானியச் சொந்தக்காரருக்கு ஒரு சாண்கூட இல்லை. மெலிந்து நீண்ட உறுப்புகள் வழியே வெப்பம் வேகமாக வெளியேறும் என்பதால், குளிர்ப் பகுதி விலங்குகளில் அவை குட்டையாக இருப்பது பரவலான போக்கு.

இலையுதிர் காலத்தில் காய், கனி, கொட்டைகளைத் தின்று கொழுப்பு சேர்த்துக்கொள்ளும். பனி மூடியபின் மரப்பட்டையும் மொட்டுகளும்தான் உணவு. வசந்தம் வருவதற்குள் எடை குறைந்துவிடும். குளிர் மிகும்போது ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உருண்டையாக உட்காரும்.

ஜிகோகுதானியில் குளியல் எப்படித் தொடங்கியது? மலைக்காட்டை விட்டுக் கீழே இறங்கிய குரங்குகள் ஆப்பிள் தோட்டங்களைச் சூறையாட, விவசாயிகளுக்கும் அவற்றுக்கும் தகராறு முற்றியது. பள்ளத்தாக்கிலேயே தீனி போட்டு அவற்றை நிறுத்திவைக்கும் முயற்சியின் தொடர்ச்சியாக 1964இல் பூங்கா திறக்கப்பட்டது. அதற்குச் சற்று முன், அருகிலிருந்த விடுதியின் திறந்தவெளிக் குளியல் தொட்டியில் ஓர் இளம் மந்தி, அதாவது பெண் குரங்கு, இறங்கியது; மிதந்துகொண்டிருந்த சோயா மணிகளைப் பொறுக்கத்தான் என்று சொல்வார்கள். மற்ற குட்டிகளும் இறங்கத் தொடங்கின. விருந்தினர் குளிக்கும் நீரில் குரங்குகளும் குளிப்பது சுகாதாரக் கேடு என்று, பிறகு அவற்றுக்கென்றே தனிக் குளம் கட்டினார்கள். படங்களில் நாம் பார்ப்பது அந்தக் குளம்தான்.

ஒன்று செய்வதைப் பார்த்து மற்றவை கற்பது இந்த இனத்துக்குப் புதிதல்ல. 1953இல் தெற்கே கோஷிமா தீவில், இமோ என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட இளம் மந்தி, மண் ஒட்டிய சர்க்கரைவள்ளிக் கிழங்கை நீரில் கழுவித் தின்றது. அந்தப் பழக்கம் விளையாட்டுத் தோழர்களுக்கும் தாய்க்கும் தொற்றி, மெல்லக் கூட்டத்தில் பரவியது. வளர்ந்த கடுவன்கள், அதாவது ஆண் குரங்குகள்தான் பெரும்பாலும் கற்றுக்கொள்ளவேயில்லை.

குளியலால் உண்மையில் பயன் உண்டா என்பதைக் கியோத்தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். காட்டுக் குரங்கைப் பிடித்து ரத்தம் எடுத்தால், பிடித்த அதிர்ச்சியிலேயே மன அழுத்த ஹார்மோன் எகிறிவிடும், அளவீடு பாழ். அதனால் சாணத்தைப் பொறுக்கினார்கள். குளிரில் உடல் சூடு காக்க ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைத் திரட்டும் வேலையில் பங்குள்ள குளுக்கோகார்ட்டிகாய்டு என்ற இதே அழுத்த ஹார்மோன்கள் கல்லீரலில் சிதைந்து, பித்தநீர் வழியே குடலுக்கு வந்து, மலத்தோடு வெளியேறுகின்றன. அவற்றின் அளவு, அண்மையில் உடல் பட்ட பாட்டைச் சொல்லிவிடும். முகம் பார்த்து அடையாளம் கண்ட 12 வளர்ந்த மந்திகளைப் பின்தொடர்ந்ததில், குளிர்காலத்தில் குளித்த வாரங்களில் இந்த அளவு குறைந்திருந்தது. ஆக, குளியல் உயிர் பிழைக்கும் வழியல்ல, செலவைக் குறைக்கும் வழி.

நனைந்த உரோமத்தோடு வெளியே வந்தால் இன்னும் குளிருமே என்று கேட்கலாம். நியாயம்தான், அந்தச் செலவு உண்டு. என் கணிப்பு, நிதானமாக ஊறி உடல் சூடேறியபின் ஏறும் மந்திக்கு அது கட்டுப்படியாகும். இறங்கியவுடன் விரட்டப்படும் மந்திக்கு நஷ்டம்தான். விரட்டுவது யார் என்பதும் தற்செயல் அல்ல. கரையோரமாக ஒரு மந்தி வந்து சும்மா நின்றாலே, உள்ளே இருக்கும் இன்னொன்று நகர்ந்து வழிவிடுவதைக் காணலாம்.

மகாக் கூட்டத்தில் கடுவன்கள் வளர்ந்தபின் வேறு கூட்டம் தேடிப் போய்விடும்; மந்திகள் பிறந்த இடத்திலேயே இருக்கும். மகளின் அந்தஸ்து தாய்க்கு அடுத்த படி. சகோதரிகளுக்குள் வேடிக்கையான விதி ஒன்று: இளையவளே அக்காவுக்கு மேல். சண்டை வந்தால் தாய் இளையவள் பக்கம் நிற்பதுதான் காரணம். ஜப்பானிய ஆய்வாளர் காவாமுரா 1958இல் இதை விளக்கினார். குளத்தின் உரிமையும் இதே வரிசையில்தான் செல்கிறது. 2018 ஆய்விலும் உயர்ந்த அந்தஸ்துள்ள மந்திகளே கூடுதல் நேரம் குளித்தன. அதே மந்திகள்தான் சண்டைகளிலும் அதிகம் சிக்கின. அதிகாரத்தைக் காப்பாற்றவும் ஆற்றல் செலவாகத்தானே செய்யும். முன்பு 2007இல் வெளியான இன்னோர் ஆய்வின்படி, கூட்டத்து மந்திகளில் வழக்கமாகக் குளிப்பவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

இவற்றைச் சுத்தமான காட்டு வாழ்க்கை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பூங்கா ஊழியர்கள் போடும் தீனிக்காகத்தான் கூட்டம் பகலில் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. மாலையில் காட்டுக்குத் திரும்பிவிடுகிறது. ஆனாலும் வேலி இல்லை, கூண்டு இல்லை. பார்வையாளர் தீனி போடக் கூடாது, தொடக் கூடாது, கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்க்கவும் கூடாது. மகாக் மொழியில் முறைப்பது சண்டைக்கு அழைப்பது. கோடையில் போனால் குரங்குகளைப் பார்க்கலாம், குளியலைப் பார்ப்பது அரிது. இலையுதிர் காலத்தில் காட்டிலேயே வயிறு நிறைந்துவிட்டால் சில நாள் ஒன்றுகூட இறங்கி வராது. பூங்காவின் நேரலைக் கேமராவைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுப்பது நல்லது.