ஸ்பீக்கர் இருக்கட்டும், உங்கள் அறை எத்தனை அடி?

வீட்டில் பாட்டைத் துல்லியமாகக் கேட்க எந்த ஸ்டூடியோ மானிட்டர் (பதிவில் இருப்பதை மெருகேற்றாமல் அப்படியே ஒலிக்கும் ஸ்பீக்கர்) வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், அறையின் அளவைத்தான் முதலில் விசாரிப்பேன். "ஸ்பீக்கர் வாங்கத்தானே கேட்டேன், வீடு வாங்கவா?" என்றுகூட ஒருவர் சலித்துக்கொண்டார். பதிவான குரலையும் இசைக்கருவிகளையும் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸிங் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஸ்பீக்கர் மேல் விழும் பழியில் பாதிக்கு மேல் அறைக்குச் சேர வேண்டியது.

நண்பர் ஒருவர் 8 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய கூம்பு) உள்ள ஜோடி வாங்கிவிட்டு, "பேஸே இல்லை, ஏமாந்துட்டேன்" என்று புலம்பினார். பேஸ் என்றால் அந்தத் தாழ்ந்த, கனத்த ஒலி. போய்ப் பார்த்தால், 4 மீட்டர் நீள அறையின் நட்டநடுவில் நாற்காலி. 43 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 43 முறை அதிரும் ஒலியை மட்டும் ஓடவிட்டு, பின்சுவர் வரை மெதுவாக நடக்கச் சொன்னேன். சுவரை நெருங்க நெருங்கக் கும்மென்று நெஞ்சில் மோதியது. திரும்பி நாற்காலிக்கு வந்தால் காணோம்! ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 43 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 8 மீட்டர். அதில் பாதி அந்த அறைக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்வதால், சுவரோரம் பலமாகவும் நடுவில் அமுங்கியும் கேட்கும். நாற்காலியை ஒன்றரை அடி முன்னால் இழுத்துப் போட்டோம். பேஸ் வந்துவிட்டது.

ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரும் சும்மா இருக்காது. ஒரு மீட்டர் இடைவெளி விட்டால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் பக்கம் நேர் ஒலியோடு மோதி அதைக் கரைத்துவிடும். சின்ன அறையில் இந்த இரண்டுங்கெட்டான் தூரத்தைவிடச் சுவரை ஒட்டி வைத்துவிட்டு, ஸ்பீக்கரின் முதுகுப் பக்கத்து ஸ்விட்சில் பேஸைக் குறைப்பது மேல். அந்த ஸ்விட்ச் இல்லாத மாடலை நான் சிபாரிசு செய்வதில்லை.

சரி, கடைக்குப் போகிறீர்கள். பெட்டியில் "45 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ்" என்று போட்டிருக்கும். எத்தனை டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) ஏற்ற இறக்கத்துக்குள் என்று பக்கத்தில் இல்லையென்றால் அது வெறும் அலங்காரம். கூட்டல் கழித்தல் 3 என்றால் நம்பலாம். வாட்டைப் பார்த்தும் மயங்க வேண்டாம். இரண்டு மடங்கு வாட் கொடுத்தாலும் கூடுவது 3 டெசிபெல்தான், காதுக்குச் சற்றே கூடுதல். இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் உரக்கப் பாடுவதுதான் காதுக்கு எப்போதும் 'நல்ல' ஸ்பீக்கராகத் தெரியும். விற்பவருக்கும் அது தெரியும்.

அப்புறம், பாட்டை நிறுத்திவிட்டு ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சிறிய பகுதி) அருகே காதை வையுங்கள். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கருக்குள்ளேயே இருப்பதால் லேசாக உஸ்ஸென்று கேட்பது சகஜம். நீங்கள் உட்காரும் தூரத்திலும் கேட்டால் வேண்டாம், ராத்திரியில் அது உயிரை எடுக்கும்.

நண்பர் ஸ்பீக்கரை விற்கும் யோசனையை விட்டுவிட்டார். இப்போது வேறு புகார்: அவருக்குப் பிடித்த பழைய பாட்டுகளில் பாதி, பதிவே சரியில்லையாம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.